ஃபிளானன் தீவுக் கலங்கரை விளக்கம்: அந்த "அழுகைப் பதிவேடு" உண்மையா?

நெய்தல் கேட்டது:

வணக்கம். ஸ்காட்லாந்தின் ஃபிளானன் தீவுக் கலங்கரை விளக்கம் பற்றிக் கல்லூரி ஆண்டுமலருக்கு ஒரு கட்டுரை தயாராகிறது. 1900 டிசம்பரில் அங்கே இருந்த மூன்று காவலர்களும் காணாமல் போன செய்தி பலருக்கும் தெரியும். ஆனால் தமிழில் எந்தக் காணொளியைத் திறந்தாலும் ஒரே கதைதான்: காவலர்களின் பதிவேட்டில் இப்படி எழுதியிருந்ததாம். டிசம்பர் 12-ஆம் தேதி கண்டிராத புயல், காவலர் மக்ஆர்தர் அழுதார். 13-ஆம் தேதி மூவரும் மண்டியிட்டு ஜெபித்தார்கள். 15-ஆம் தேதி, "புயல் ஓய்ந்தது, கடவுள் எல்லாவற்றுக்கும் மேலானவர்" என்று கடைசி வரி. கூடவே பாதி சாப்பிட்ட தட்டு, கவிழ்ந்து கிடந்த நாற்காலி.

இதில் எது அச்சில் ஏற்றத் தகுந்தது? விளக்கு வேலை எப்படி நடந்தது, தீவில் எப்படி இறங்கினார்கள் என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

ஓதம் எழுதியது:

நெய்தல், நீங்கள் சொன்ன மூன்று பதிவுகளையும் தயங்காமல் நீக்கிவிடுங்கள். அவை முதலில் அச்சானது 1929-இல், அமெரிக்காவில் வந்த ஒரு மலிவுக் கதை இதழில். சம்பவம் நடந்து 29 வருடம் கழித்து. பிறகு வந்த மர்மப் புத்தகங்கள் அதை அப்படியே எடுத்துப் போட்டன, இன்றைய காணொளிகள் அந்தப் புத்தகங்களிலிருந்து எடுக்கின்றன. தட்டும் நாற்காலியும் வேறு வழியாக வந்தவை: வில்ஃபிரிட் கிப்சன் 1912-இல் வெளியிட்ட 'ஃபிளானன் ஐல்' என்ற கவிதை. கவிதைக்கு அவை தேவைப்பட்டன, ஆவணத்தில் கிடையாது.

ஆவணம் என்று நம் கையில் இருப்பவை மூன்று. தீவுக்கு மாற்றுக் காவலரைக் கொண்டுவந்த ஹெஸ்பரஸ் கப்பலின் தலைவர் ஹார்வி டிசம்பர் 26 அன்று அனுப்பிய தந்தி. முதலில் உள்ளே போன காவலர் ஜோசப் மூர் எழுதிய கடிதம். வடக்குக் கலங்கரை விளக்க வாரியத்தின் கண்காணிப்பாளர் ராபர்ட் மியூர்ஹெட் நேரில் போய்ப் பார்த்து 1901 ஜனவரி 8 தேதியிட்டுக் கொடுத்த அறிக்கை. கட்டுரையை இந்த மூன்றின் மேல் நிறுத்துங்கள், போதும்.

பதிவேடு பற்றி மியூர்ஹெட் தெளிவாகவே சொல்கிறார். பேரேட்டில் மையால் எழுதியது டிசம்பர் 13 வரை. 14-ஆம் தேதி விவரமும், 15-ஆம் தேதி காலை 9 மணிக்கு எடுத்த பாரமானி, வெப்பமானி அளவுகளும், காற்றின் நிலையும், விளக்கை அணைத்த நேரமும் சிலேட்டில் சாக்கட்டியால் குறித்திருந்தன. முதலில் சிலேட்டு, பிறகு சாவகாசமாகப் பேரேடு என்பதுதான் அங்கே நடைமுறை. அழுகையும் ஜெபமும் எழுத அதில் இடமே கிடையாது. மேலதிகாரி கையில் போகும் ஏட்டில், கூட வேலை பார்ப்பவர் அழுதார் என்று ஒரு காவலர் எழுதி வைப்பார் என்பது எந்த அலுவலகத்திலும் நடக்காது.

இன்னொரு சான்று: கண்டிராத புயல் என்று சொல்கிற அதே 12-ஆம் தேதி இரவு, லூயிஸ் தீவுக் கரையிலிருந்து அந்த விளக்கைப் பார்த்திருக்கிறார்கள். இடையில் இருப்பது சுமார் 32 கிலோமீட்டர் கடல்.

பெயர்களைச் சரியாகப் போடுங்கள். ஜேம்ஸ் டக்கட் தலைமைக் காவலர். தாமஸ் மார்ஷல் இரண்டாம் உதவியாளர். டொனால்ட் மக்ஆர்தர் நிரந்தரப் பணியாளர் அல்ல. உடல்நலமில்லாமல் விடுப்பில் இருந்த முதல் உதவியாளருக்குப் பதிலாக வந்தவர். காணொளிகளில் மூவரையும் ஒரே பதவியில் வைத்துவிடுகிறார்கள்.

---

திரிநாக்கு எழுதியது:

விளக்கறையைப் பற்றி நான் சொல்கிறேன். இந்தச் சம்பவத்தில் நேரத்தைக் கணக்கிட உதவுவதே அந்த அறைதான்.

1900-இல் இங்கே எரிந்தது திரி போட்ட மண்ணெண்ணெய் விளக்கு. வட்ட வட்டமாக, ஒன்றுக்குள் ஒன்றாகத் திரிகள். மேலே கண்ணாடிக் குழல். சுற்றிலும் ஆள் உயரத்துக்கும் மேலான வில்லைக் கூடு. அந்தக் கூட்டைச் சுற்ற வைப்பது கடிகாரப் பொறி: கோபுரத்தின் நடுவே தொங்கும் பளு மெதுவாக இறங்க இறங்கப் பற்சக்கரங்கள் ஓடும். பளு அடியைத் தொடுவதற்குள் கைப்பிடியைச் சுழற்றி மேலே ஏற்ற வேண்டும். ஏற்ற மறந்தால் கூடு நின்றுவிடும், விளக்கு எரிந்தும் பயனில்லை. 30 விநாடிக்கு அடுத்தடுத்து இரண்டு மின்னல் என்பதுதான் ஃபிளானனின் அடையாளம். அது தவறினால் மாலுமி வேறு ஏதோ விளக்கு என்று நினைத்துத் திசையைத் தப்பாகக் கணிப்பார். ஆகவே இரவு முழுக்க ஓர் ஆள் முறை வைத்து விழித்திருந்தே ஆக வேண்டும்.

மாலையில் ஏற்றுவதற்கும் ஒரு பக்குவம் உண்டு. பற்ற வைத்தவுடன் சுடரை உயர்த்தினால் குளிர்ந்த கண்ணாடிக் குழல் விரிசல் விடும். சிறு சுடரில் வைத்து, குழல் சூடேறியதும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்த வேண்டும். திரியின் கரியை மட்டமாக நறுக்காமல் விட்டால் ஒரு பக்கம் நாக்கு நீட்டிப் புகையும், புகைக்கரி குழலில் படியும், வெளிச்சம் பாதியாகக் குறையும்.

காலையில் அணைத்த பிறகுதான் முக்கால்வாசி வேலை. திரி நறுக்க வேண்டும், எண்ணெய்த் தொட்டியையும் எண்ணெய்க் கலங்களையும் நிரப்ப வேண்டும், வில்லையையும் பொறியையும் துடைக்க வேண்டும். கடைசியாகச் சாளரங்களுக்குத் திரை போட வேண்டும். திரை போடுவது அழகுக்காக அல்ல. இரவில் சுடரின் ஒளியைக் கடலுக்கு அனுப்பும் அதே வில்லை, பகலில் வெயிலை உள்ளே குவித்து விளக்கையே பொசுக்கிவிடும்.

இப்போது மூரும் மியூர்ஹெட்டும் கண்டதைப் பாருங்கள். விளக்கு சுத்தமாக இருந்தது. எண்ணெய் நிரம்பியிருந்தது. வில்லையும் பொறியும் துடைத்திருந்தன. திரை போட்டிருந்தது. அதாவது 15-ஆம் தேதி காலை வேலை ஒன்று விடாமல் முடிந்திருக்கிறது. அடுக்களையில் பாத்திரங்கள் கழுவிச் சுத்தமாக இருந்தன. மதியச் சாப்பாடு முடிந்த பிறகே வெளியே போயிருக்கிறார்கள் என்று மூர் அதை வைத்துத்தான் முடிவு செய்தார். பாதிச் சாப்பாட்டுக் கதை இங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஃபிளானன் 58 பாகை வடக்கு. டிசம்பர் நடுவில் அங்கே காலை 9 மணிக்கு மேல்தான் சூரியன் எழும். பிற்பகல் மூன்றரை மணியை ஒட்டி அடைந்துவிடும். அன்று மாலை விளக்கு ஏற்றப்படவில்லை. அப்படியானால் எல்லாம் நடந்து முடிந்தது மதியச் சாப்பாட்டுக்கும் அந்தி விளக்குக்கும் நடுவே, அதிகம் போனால் மூன்று மணி நேரத்துக்குள்.

கடிகாரம் நின்றிருந்ததையும் மர்மமாக்குகிறார்கள். சாவி கொடுக்க ஆள் இல்லாத வீட்டில் கடிகாரம் நிற்கத்தான் செய்யும்.

---

நெய்தல் கேட்டது:

ஓதம், திரிநாக்கு இருவருக்கும் மிகுந்த நன்றி. திரை விஷயம் எந்தக் காணொளியிலும் இல்லை. ஒரு சந்தேகம்: கடலிலிருந்து 110 அடி உயரத்தில் இருந்த பெட்டியை அலை அடித்துப் போயிற்று என்று படித்தேன். அது நடக்கக்கூடியதா? அப்படி ஒரு கடலில் எதற்காகக் கீழே இறங்கினார்கள்?

---

கச்சான் எழுதியது:

நடக்கக்கூடியதுதான் நண்பரே. அதற்கு முதலில் இறங்குதுறையின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விளக்கு இருப்பது ஏலன் மோர் என்ற தீவில். ஏழு தீவுகளில் பெரியது இதுதான், ஆனாலும் 18 ஹெக்டேருக்கு உள்ளேதான். சுற்றிலும் செங்குத்துப் பாறை. மணல் கரை என்பதே கிடையாது. படகை இழுத்து நிறுத்த வழியில்லாததால் இரண்டு இடங்களில் பாறையைக் குடைந்து படியும் மேடையும் கட்டினார்கள். ஒன்று தென்கிழக்கு மூலையில், மற்றது மேற்கு இறங்குதுறை. பெயர்தான் மேற்கு, இருப்பது தென்கரையில் ஒரு குறுகலான பிளவுக்குள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்ப் பக்கத்துத் துறையில் இறங்குவார்கள்.

படகு பாறையில் மோதாமல் கயிறு கொடுத்துப் பிடித்துக்கொண்டு, கிரேன் மூலம் சாமானை மேலே தூக்குவார்கள். கிரேன் மேடை கடல் மட்டத்திலிருந்து 70 அடி. அங்கிருந்து விளக்கு வரை தண்டவாளம் போட்டிருந்தார்கள். நான்கு சக்கர வண்டி ஒன்றை, விளக்கை ஒட்டிய கொட்டகையில் இருந்த சிறிய நீராவி இயந்திரம் கம்பிவடத்தால் இழுக்கும். வளைவுகளில் வடம் நழுவாமல் இருக்கத் தண்டவாளங்களுக்கு நடுவே கப்பிகள். கப்பியை விட்டு வடம் எகிறினால் தடுத்துப் பிடிக்க வளைவின் உள்பக்கம் வரிசையாகக் கம்பங்கள். தீவின் நடுவில் பாதை இரண்டாகப் பிரிந்து இரு துறைகளுக்கும் போகும். மண்ணெண்ணெய், நிலக்கரி, உணவு எல்லாம் ஏறியது இந்த வழியாகத்தான்.

படகைக் கட்டி நிறுத்தும் கயிறும் இறங்குகயிறும் இல்லாமல் ஒரு படகுகூட அணைய முடியாது. அந்தக் கயிறுகள் இருந்த பெட்டிதான் பாறை இடுக்கில், 110 அடி உயரத்தில் வைத்திருந்தது. மாற்றுக் கப்பல் வரவேண்டிய நாள் 20-ஆம் தேதி, அதாவது ஐந்தே நாளில். கயிறு போனால் அன்று ஆளும் இறங்க முடியாது, சாமானும் இறங்காது. கீழே போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

மியூர்ஹெட் அங்கே கண்டவை: பெட்டி இல்லை. அதிலிருந்த கயிறுகள் 40 அடி கீழே கிரேனின் கால்களில் சிக்கிக் கிடந்தன. கிரேனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் கை தாழ்த்திப் பாறையோடு கட்டியபடி, உருளைக்குப் போட்ட கித்தான் அவிழாதபடி இருந்தது. பாதையோரத்து இரும்புக் கைப்பிடிகள் பெயர்ந்து முறுக்கிக் கிடந்தன. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள பாறாங்கல் இடம் பெயர்ந்து காங்கிரீட் பாதையில் விழுந்திருந்தது. உச்சியில், 200 அடிக்கும் மேலே, விளிம்பிலிருந்து 30 அடி தூரம் வரை புல்தரை உரிந்திருந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது உயிர்மிதவை. கைப்பிடியில் கட்டியிருந்த மிதவையைக் காணோம். முதலில் யாரோ அவிழ்த்துக்கொண்டு போனதாக நினைத்தார் மியூர்ஹெட். கிட்டே போய்ப் பார்த்தால் கட்டிய கயிறு முடிச்சோடு அப்படியே இருக்கிறது, அதில் மிதவையின் கித்தான் துணுக்குகள் ஒட்டியிருக்கின்றன. கை அவிழ்க்கவில்லை, தண்ணீர் பிய்த்தெடுத்திருக்கிறது. கிழக்குத் துறையிலோ கயிறுகள், கடைசியாகக் கப்பல் வந்துபோன 7-ஆம் தேதி சுருட்டி வைத்தபடியே இருந்தன.

இந்தச் சேதத்தில் எந்தப் பகுதி 15-ஆம் தேதிக்கு முன் நேர்ந்தது, எது பின் என்று பிரித்துச் சொல்ல முடியாது. 26-ஆம் தேதி வரை யாரும் பார்க்கவில்லை. கட்டுரையில் "15-ஆம் தேதி அலை 200 அடி எழுந்தது" என்று எழுதிவிடாதீர்கள்.

110 அடிக்குத் தண்ணீர் எப்படி ஏறும்? அந்தப் பிளவின் உள்முனையில் ஒரு குகை இருக்கிறது. பெரிய அலை உள்ளே நுழைந்ததும் பக்கவாட்டில் விரிய இடமில்லை, குகைக்குள் அடைபட்ட காற்றும் சேர்ந்து நீரை வெடித்ததுபோல் மேலே தள்ளும். திறந்த கரையில் 20 அடி எழும் அலை இந்த மாதிரி இடுக்கில் பல மடங்கு உயரம் போகும். இதற்குத் தீவில் அந்த நேரம் புயல் அடிக்க வேண்டும் என்பதும் இல்லை. குமரிக் கரையில் கள்ளக்கடல் என்று சொல்வோமே, காற்றே இல்லாத நாளில் தொலைதூரப் புயலின் நெட்டலை வந்து ஏறுவது, அட்லாண்டிக்கிலும் அந்த நெட்டலை உண்டு. பத்து அலை அடங்கி வரும், பதினொன்றாவது ஆளை எடுத்துவிடும்.

காற்று தூக்கிப் போட்டதா என்பதையும் மியூர்ஹெட் யோசித்து விலக்கினார். அன்று மேற்குக் காற்று. அது ஆளைத் தீவின் உள்பக்கம் தள்ளியிருக்கும், கடல் பக்கம் அல்ல.

---

ஓதம் எழுதியது:

கச்சான் சொன்னதோடு உடை விவரத்தையும் சேர்க்க வேண்டும். டக்கட் கடல் பூட்ஸும் மழைக்கோட்டும் போட்டுப் போயிருந்தார். மார்ஷல் பூட்ஸும் எண்ணெய்த்துணி உடையும். மக்ஆர்தரின் மேலங்கி மட்டும் வீட்டிலேயே இருந்தது. சட்டையோடு போயிருக்கிறார் என்பது மூரின் கணிப்பு. ஒருவர் விளக்கோடு இருந்தே தீர வேண்டும் என்பது விதி. டிசம்பர் குளிரில் அந்த மூன்றாவது ஆளும் சட்டையோடு வெளியேறினார் என்றால் அவசரத்தில் ஓடியதாகத்தான் படுகிறது. முதல் இருவரில் ஒருவரை அலை எடுத்திருக்கலாம், மற்றவர் உதவிக்கு ஓடி வந்து கூப்பிட்டிருக்கலாம். ஆனால் இது நம் ஊகம், மியூர்ஹெட் இந்த அளவுக்குப் போகவில்லை. "பெட்டியைக் கட்டப் போன இடத்தில் எதிர்பாராத பெரிய அலை பாறை முகத்தில் ஏறி, வடியும்போது இழுத்துப் போயிற்று" என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஊகம் என்று சொல்லி எழுதினால் தவறில்லை.

பதினோரு நாள் யாருக்கும் தெரியாமல் போனதற்கு எழுத வேண்டிய காரணங்கள் இவை. தீவில் கம்பியில்லாத் தந்தி அப்போது இல்லை. லூயிஸ் கரையில் காலன் ஹெட் பக்கம் விளக்கைக் கவனிக்க ஓர் ஆள் அமர்த்தப்பட்டிருந்தார். ஆனால் பனிமூட்டத்தில் நாலைந்து இரவு தொடர்ந்து தெரியாமல் இருப்பது அங்கே வழக்கம். 8 முதல் 11 வரை தெரியவில்லை, 12-இல் தெரிந்தது, பிறகு 26 வரை இல்லை. கடைசி இரண்டு இரவுகளில் அவர் கவலைப்பட்டு ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு உற்றுப் பார்த்திருக்கிறார். 15-ஆம் தேதி இரவு அவ்வழியே போன ஆர்க்டர் என்ற நீராவிக் கப்பல் விளக்கு எரியாததைக் கவனித்தது. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்த அது 18-ஆம் தேதி லீத் துறைமுகத்தை அடைந்தும் செய்தி வாரியத்துக்குப் போகவில்லை. 20-ஆம் தேதி வரவேண்டிய ஹெஸ்பரஸ் கடல் கொந்தளிப்பால் தாமதித்து 26-ஆம் தேதி நண்பகலில்தான் வந்தது. வாணம் விட்டும் பதில் இல்லை என்றதும் மூரை இறக்கினார்கள். வெளிக்கதவு சாத்தியிருந்தது, அடுப்பு பல நாளாக அணைந்திருந்தது, படுக்கைகள் விடியற்காலையில் எழுந்து போன நிலையில் இருந்தன. அன்றிரவே மூரும் கப்பலிலிருந்து இறங்கிய மூவரும் விளக்கை ஏற்றிவிட்டார்கள்.

காவலர்களைத் தன்னிச்சையாக இருந்தவர்கள்போல் காட்டாதீர்கள். நால்வர் குழு, மூவர் தீவில், ஒருவர் லூயிஸின் பிரஸ்கிளீட் குடியிருப்பில். ஆறு வாரம் தீவு, இரண்டு வாரம் கரை. மூர் அந்தச் சுற்றில் கரையில் இருந்தவர். மியூர்ஹெட் 7-ஆம் தேதி அவர்களோடு இருந்துவிட்டுத் திரும்பியவர்; கடைசியாக அவர்களிடம் கைகுலுக்கி விடைபெற்றது தாமே என்று அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரி, காணொளிகளின் அழுகைக் கதைகள் எல்லாவற்றையும்விட நம்மைத் தொடுகிறது.

---

தொடுவானம் எழுதியது:

கட்டுமான வரலாறு விடுபட்டிருக்கிறது, சுருக்கமாகத் தருகிறேன். வடிவமைத்தவர் டேவிட் ஆலன் ஸ்டீவன்சன். பெல் ராக் விளக்கைக் கட்டிய ராபர்ட் ஸ்டீவன்சனின் பேரன். 1895-இல் தொடங்கிய வேலை 1899-இல் முடிந்தது. கல், இரும்பு, கண்ணாடி அத்தனையும் படகிலிருந்து நேரே 45 மீட்டர் செங்குத்துப் பாறையில் ஏற்ற வேண்டியிருந்தது. படி, இறங்குதுறை, தண்டவாளம் எல்லாம் சேர்த்து 6,914 பவுண்டு. பிரஸ்கிளீட் குடியிருப்புக்குத் தனியாக 3,526 பவுண்டு. முதல் முறை ஏற்றியது 1899 டிசம்பர் 7. விபத்து நடந்தபோது விளக்குக்கு வயது ஒரு வருடம் எட்டு நாள்தான். "பல்லாண்டு பழமையான பேய்த் தீவு விளக்கு" என்று ஒரு காணொளி சொல்வதை நம்ப வேண்டாம். தீவில் பழமையானது வேறு: புனித ஃபிளானன் பெயரில் உள்ள சிறு கல் ஆலயம். பெயர் வந்ததே அவரால்தான்.

1925-இல் கரையோடு கம்பியில்லாத் தந்தித் தொடர்பு வந்தது. 1960-களில் தண்டவாள வண்டிக்குப் பதிலாக மூன்று சக்கர மோட்டார் வண்டி. 1971 செப்டம்பர் 28 முதல் தானியங்கி. அதன் பிறகு காவலர் யாரும் தங்குவதில்லை.

உயரம் எழுதும்போது எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கோபுரம் 23 மீட்டர்தான். 101 மீட்டர் என்பது கடல் மட்டத்திலிருந்து சுடர் இருக்கும் உயரம். "101 மீட்டர் உயரக் கோபுரம்" என்று மலரில் அச்சாகிவிடக் கூடாது. ஏலன் மோர் குறுக்குவெட்டுப் படம் ஒன்று வரைந்து, கிரேன் மேடை 70 அடி, கயிற்றுப் பெட்டி 110 அடி, புல்தரை உரிந்த விளிம்பு 200 அடி என்று மூன்று கோடு போட்டுக் காட்டினால் வாசகர்களுக்கு உடனே விளங்கும். அடியிலேயே கொடுங்கள், அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது.